எலும்புத் தூள் கிருமியைக் கொல்லுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில், சூப் கடைகளில் மிஞ்சும் எலும்பைச் சுட்டுத் தூளாக்கி அதில் வெள்ளியை ஏற்றினால் கிருமித் தடுப்புப் பொருள் கிடைக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஆட்டெலும்பு சூப் கடை நடத்துகிறோம். தினமும் ஒரு வாளி எலும்பு குப்பைக்குப் போகிறது. அதிலிருந்து அந்தத் தூளை எடுப்பது எப்படி? கடையிலேயே செய்ய முடியுமா?
— கடைக்காரர், செந்தூல்

கடையில் பாதி வேலையைச் செய்யலாம். மீதிப் பாதிக்கு உலை வேண்டும்.

காய்ந்த எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். அந்தத் தாதுவுக்கு ஹைட்ராக்சிஅபடைட் என்று பெயர். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. நமக்கு வேண்டியது அதுதான். கொழுப்பு, மச்சை, புரதம் மூன்றும் போக வேண்டும்.

முதலில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, நீள எலும்பாக இருந்தால் இரண்டாக உடைத்து மச்சையை எடுத்துவிடுங்கள். பிரஷர் குக்கரில் இரண்டு மணி நேரம் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் இன்னொரு முறை. மூன்றாவது முறை ஒரு லிட்டர் நீருக்கு 10 முதல் 20 கிராம் சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் கொழுப்பு கழன்று மேலே மிதக்கும். குளோரின் பிளீச் மட்டும் வேண்டாம். வெள்ளையாகத் தெரிகிறதே என்று ஊற்றுகிறார்கள். அதிலிருந்து மிஞ்சும் குளோரைடு பின்னால் வெள்ளி ஏற்றும்போது அதனோடு சேர்ந்து படிந்து காலை வாரிவிடும்.

உப்பும் குளோரைடுதான். சூப் எலும்பில் ஏற்கெனவே உப்பு ஊறியிருப்பதால் இந்த விஷயத்தில் உங்களுக்கு வேலை கூடுதல். உப்பு போனதா என்று நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. கடைசியாகக் கழுவிய நீரில் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். பால் போல வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். இந்தக் கடைசிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் சரி. குழாய் நீரிலேயே குளோரைடு இருப்பதால் எவ்வளவு கழுவினாலும் அது வெளுத்துக்கொண்டேதான் இருக்கும்.

பிறகு 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஓர் இரவு காயவைத்து, சிறு சிறு துண்டுகளாக உடையுங்கள். இதுவரை கடையில் ஆகும். இதற்கு மேல் மின்சார மஃபிள் உலை (ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மூடிய உயர்சூட்டு உலை) வேண்டும். மட்பாண்டக் கலைஞர்கள் வைத்திருக்கும் மின் சூளையும் உதவும். கரி அடுப்பிலோ திறந்த வெளியிலோ சுடப் பார்க்காதீர்கள். எலும்பு பெரும்பாலும் கறுத்துக் கரியாகும், சீராக வெளுக்காது. போதாக்குறைக்கு, 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி திறந்தவெளி எரிப்பு குற்றம்.

உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூட்டை ஏற்றி, 450 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். புரதம் எரிந்து புகை கக்கும் கட்டம் இது; புகைபோக்கி திறந்திருக்க வேண்டும். பிறகு 900 டிகிரிக்கு ஏற்றி மூன்று மணி நேரம். உலையை அணைத்து, தானாகவே ஆறவிடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால், எலும்பு வைத்த அலுமினா மூசை (சூடு தாங்கும் கிண்ணம்) விரிசல் விடும். தடித்த ஆட்டெலும்பு, மாட்டெலும்பு என்றால், நன்றாகக் கொழுப்பு நீக்கிய ஒரு கிலோ காய்ந்த எலும்புக்கு 600 கிராம் அல்லது சற்றுக் கூடுதலாக வெள்ளைத் துண்டுகள் மிஞ்சும். கோழி எலும்பில் இதைவிடக் குறைவு. அரைத்து 75 மைக்ரான் சல்லடையில் சலித்தால் தூள் தயார். அரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். இந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை.

நாங்கள் சுட்டது ஒருமுறை சாம்பல் நிறத்தில் வந்தது, இன்னொருமுறை உள்ளே மட்டும் கறுப்பு, மூன்றாவது முறை இலேசான நீலம். எது சரி?
— பொறியியல் மாணவி, நிபோங் திபால்

சாம்பல், கறுப்பு இரண்டுக்கும் காரணம் எரியாமல் தங்கிய கார்பன்தான். மூசையை விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள். காற்று அடியில் இறங்காது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அடுக்காதீர்கள், மூடியைத் திறந்தே வையுங்கள், 450 டிகிரியில் நிறுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள். கறுத்துப் போனதை வீசத் தேவையில்லை, உடைத்துப் பரப்பி மறுபடி சுட்டால் வெளுத்துவிடும்.

நீலம் கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. எலும்பில் இம்மியளவு இருக்கும் மாங்கனீசு, சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து தரும் நிறம் அது. கிருமி ஆய்வுக்கு அதனால் தொந்தரவில்லை. வெள்ளையாகத்தான் வேண்டும் என்று 1,200 டிகிரிக்கு ஏற்றிவிடாதீர்கள். அந்தச் சூட்டில் தாது சிதைந்து டிரைகால்சியம் பாஸ்பேட்டாக மாறத் தொடங்கும். துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, வெள்ளி அமர வேண்டிய மேற்பரப்பு சுருங்கிவிடும். மீன் முள்ளாக இருந்தால் அந்த மாற்றம் இன்னும் குறைந்த சூட்டிலேயே நடப்பதுண்டு.

எலும்புத் தூளே கிருமியைக் கொல்லும் என்கிறார்கள். பிறகு வெள்ளி எதற்கு? எவ்வளவு சேர்க்க வேண்டும்?
— ஆய்வுக்கூட உதவியாளர், பட்டர்வொர்த்

தூய ஹைட்ராக்சிஅபடைட் கிருமியைக் கொல்லாது. நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பது இதே வகைத் தாதுதான். அதன்மேல் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு நிம்மதியாக வாழும். பல்லில் ஏடு படிவதே அதனால்தானே. ஆகவே யாராவது ‘இயற்கையான எலும்புத் தூள், கிருமிநாசினி’ என்று விற்றால் நம்பாதீர்கள். இந்தத் தாதுவுக்கு உள்ள தனிக் குணம் வேறு: தன் கால்சியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் வெள்ளி, துத்தநாகம், தாமிரம் போன்ற அயனிகளுக்கு இடம் கொடுக்கும். ஈரம் பட்டால் அந்த அயனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். வெள்ளி அயனி பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகக் கூறுகளைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. தூள் வெறும் கிடங்கு, அடிப்பது வெள்ளி.

அளவு இதோ. 10 கிராம் தூளுக்கு எடையில் ஒரு சதவீதம் வெள்ளி, அதாவது 0.1 கிராம் வெள்ளி வேண்டுமென்றால், 0.157 கிராம் சில்வர் நைட்ரேட். அதை 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, தூளைப் போட்டு, பாத்திரத்தை அலுமினியத் தாளால் மூடி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வடிகட்டி, வடிநீரில் உப்புநீர்ச் சொட்டு விட்டால் கலங்காத வரை கழுவி, 80 டிகிரியில் காயவையுங்கள். முதல் வடிநீர் கலங்கினால் வெள்ளி முழுதும் ஏறவில்லை என்று பொருள். எனவே ‘ஒரு சதவீதம்’ என்று அறிக்கையில் எழுதுமுன், உண்மையில் எவ்வளவு ஏறியது என்பதை அளந்து எழுதுங்கள். போட்ட அளவு வேறு, ஏறிய அளவு வேறு.

இந்தக் கட்டத்தில் தூளின் நிறத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வெள்ளையாகவோ இலேசான தந்த நிறமாகவோ இருந்தால் நல்லது. மஞ்சள் ஏறினால் சில்வர் பாஸ்பேட் தனியாகப் படிந்திருக்கிறது: கரைசல் அதிக அமிலமாக இருந்து தாது கரைந்திருக்கலாம், அல்லது வெள்ளி மிஞ்சியிருக்கலாம். போட்டவுடனேயே பழுப்பானால் தூளில் சுண்ணாம்பு இருக்கிறது. காரத்தில் வெள்ளி, ஆக்சைடாகப் படியும். தொடக்கத்தில் சரியாக இருந்து நாளடைவில் சாம்பல் நிறம் ஏறினால் வெளிச்சம் பட்டிருக்கிறது. வெள்ளி ஏற்றிய பிறகு மறுபடி உயர் சூட்டில் சுட்டாலும் வெள்ளி உலோகமாக மாறிச் சாம்பல் நிறம் வரும்.

அரை சதவீதத்தில் தொடங்கி ஒன்றுக்குப் போங்கள். கூட்டக் கூட்டக் கிருமி சாவது உண்மைதான், மனித உயிரணுவும் கூடவே சாகும். விலை ஒரு தடையென்றால் துத்தநாகம்: அதே 10 கிராம் தூளுக்கு ஒரு சதவீதத்துக்கு 0.455 கிராம் துத்தநாக நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் (ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வகை). வேகம் குறைவு, ஆனால் வெளிச்சத்தில் கறுக்காது. சுவர்ச் சாயம் போன்றவற்றுக்கு அதுவே எங்கள் தேர்வு. தாமிரம் பச்சை நீலச் சாயல் தரும்.

சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் நாள்கணக்கில் போகாத கறுப்புக் கறை, கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் சேர்த்துவைத்து, உப்பு போட்டு வெள்ளியைப் படியவைத்து, ஆய்வுக்கூடக் கழிவோடு ஒப்படையுங்கள்.

எங்கள் தூள் வெள்ளி ஏற்றாமலேயே ஈ. கோலை பாக்டீரியாவைக் கொன்றது! இரண்டு மாதம் கழித்துச் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு குழு வெள்ளி ஏற்றியும் தட்டில் வளையம் வரவில்லை. எங்கே பிசகு?
— கல்லூரி மாணவர்கள், கோலாலம்பூர்

இரண்டுமே அடிக்கடி நடப்பவை. தனித்தனியாகப் பார்ப்போம்.

எலும்புத் தாதுவில் கொஞ்சம் கார்பனேட் கலந்திருக்கும். 800, 900 டிகிரியில் அது வெளியேறும்போது, மிகுதிக் கால்சியம் சுட்ட சுண்ணாம்பாக நின்றுவிடும். நீர் பட்டால் அது நீற்றுச் சுண்ணாம்பாகி, காரம் 11, 12 பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை) வரை ஏறும். அந்தக் காரத்தில் ஈ. கோலை சாகாமல் என்ன செய்யும்? உங்கள் கிருமியைக் கொன்றது சுண்ணாம்பு. கோலாலம்பூர்க் காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் இரண்டு மாதத்தில் அந்தச் சுண்ணாம்பைச் சாதாரணக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிட்டன. காரம் போனது, ‘சக்தி’யும் போனது.

சோதிப்பது எளிது. ஒரு கிராம் தூளை, கொதிக்கவைத்து ஆற்றிய 10 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பத்து நிமிடம் கலக்கி, பி.எச். பாருங்கள். கருவி இல்லையென்றால் ஃபினால்ஃப்தலீன் இரண்டு சொட்டு. ஆழ்ந்த இளஞ்சிவப்பு வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அரை மணி நேரம் கலக்கி, நீரை வடித்து, திரும்பத் திரும்பக் கழுவி, பி.எச். 9-க்குக் கீழ் இறங்கிய பிறகே வெள்ளி ஏற்ற வேண்டும். காய்ந்த தூளை இறுக்கமான பாட்டிலில், ஈரம் உறிஞ்சும் சிலிகா பையோடு வையுங்கள்.

வளையம் வராததற்குக் காரணம் சோதனை முறை. அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டில், கிருமி வளராத வளையம் வர வேண்டுமானால் மருந்து அகாருக்குள் ஊர்ந்து பரவ வேண்டும். கரைந்து பரவும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு வகுத்த முறை அது. தாதுவோடு ஒட்டிக்கிடக்கும் வெள்ளி மெதுவாகத்தான் கசியும். கசிந்ததும் அகாரில் உள்ள குளோரைடிலும் புரதத்திலும் மாட்டிக்கொள்ளும். வளையம் இல்லை என்பதால் பயன் இல்லை என்று ஆகாது. வளையம் வந்தாலும் அதன் அகலத்தை வைத்து இரண்டு பொருள்களை ஒப்பிட முடியாது.

எண்ணிப் பார்ப்பதே சரியான வழி. மில்லிலிட்டருக்கு சுமார் 5 லட்சம் பாக்டீரியா உள்ள, குளோரைடு கலக்காத மெல்லிய பாஸ்பேட் கரைசலில் தூளைப் போட்டுக் குலுக்கி, குறிப்பிட்ட நேரங்களில் எடுத்துப் பத்துப் பத்தாக நீர்த்து, தட்டில் பரப்பி, காலனிகளை எண்ண வேண்டும். 5 லட்சம் 500 ஆனால் மூன்று மடக்கைக் குறைவு, அதாவது 99.9 சதவீதம். எடுக்கும்போது குலுக்கலை நிறுத்தாதீர்கள்: பாக்டீரியா தூளோடு ஒட்டி அடியில் படிந்துவிடும், மேல்நீரை எண்ணினால் எல்லாம் செத்ததுபோலத் தோன்றும். எடுத்த மாதிரியில் சோடியம் தயோகிளைகோலேட் சேர்த்து வெள்ளியை உடனே முடக்க வேண்டும், இல்லையென்றால் தட்டிலும் அது கொன்றுகொண்டே இருக்கும். கூடவே இரண்டு ஒப்பீடுகள் வேண்டும்: தூளே இல்லாத குடுவை ஒன்று, வெள்ளி ஏற்றாத, நன்றாகக் கழுவிய தூள் போட்ட குடுவை ஒன்று. இரண்டாவது இல்லாத அறிக்கையை நாங்கள் படிப்பதே இல்லை.

தகடாகவோ பூச்சாகவோ செய்தால் ஐ.எஸ்.ஓ. 22196 என்ற சோதனை முறை இருக்கிறது. மேற்பரப்பில் கிருமி நீரை விட்டு, மெல்லிய படலத்தால் மூடி, 24 மணி நேரம் கழித்து எண்ணுவது. பள்ளி மாணவர்கள் இதில் இறங்கினால் நோய் தராத ஆய்வுக்கூட வகையை மட்டுமே ஆசிரியர் மேற்பார்வையில் பயன்படுத்தி, தட்டுகளை 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைத்த பிறகே வீச வேண்டும்.

எங்கள் வீட்டில் மாட்டைத் தொடமாட்டோம். முஸ்லிம் நண்பர் பன்றி எலும்பு கலந்திருக்குமோ என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் ஒத்துவருமாறு செய்ய முடியுமா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

முடியும். ஆட்டெலும்பு, கோழி எலும்பு, மீன் முள் எல்லாவற்றிலும் இதே தாதுதான். சுட்ட பிறகு எந்த விலங்கு என்பதைத் தூளைப் பார்த்துச் சொல்வது கடினம், புரதமும் மரபணுவும் எரிந்துவிடும். அதனால் எலும்பு எந்தக் கடையிலிருந்து வந்தது என்ற பதிவுதான் ஆதாரம். கலப்பு வாளி எலும்பு வாங்காதீர்கள். ஹலால் முத்திரை நோக்கமென்றால் விலங்கு எலும்பு, தோல், முடி பயன்பாட்டுக்கென்றே எம்.எஸ். 2200 என்ற மலேசியத் தர நிர்ணயத்தின் இரண்டாம் பகுதி இருக்கிறது. உலை வாங்குமுன் அதைப் படியுங்கள்.

மாட்டெலும்புதான் என்று முடிவு செய்பவர்களுக்கு ஒன்று: மண்டை ஓடும் முதுகெலும்பும் வேண்டாம். மாட்டு மூளை நோயைப் பரப்பும் பிரியான் அவற்றுக்குள் இருக்கும் மூளையிலும் தண்டுவடத்திலும்தான் அதிகம் சேரும். 600 டிகிரியில் சாம்பலான பிறகும் அந்த வகைத் தொற்று சிறிதளவு மிஞ்சியதாக ஆய்வு உண்டு.

பினாங்கில் இறால் ஓட்டுக்குக் குறைவில்லை. அதிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு இந்தத் தூளைச் சேர்த்துப் படலம் செய்யலாமா?
— மாணவர், ஜெலுத்தோங்

நல்ல கூட்டணி. கைட்டோசானுக்கே ஓரளவு கிருமி எதிர்ப்பு உண்டு. 2 கிராம் கைட்டோசானை ஒரு சதவீத அசிட்டிக் அமிலம் 100 மில்லிலிட்டரில் ஓர் இரவு கலக்கிக் கரைத்து, துணியில் வடிகட்டி, 10 மில்லிலிட்டர் நீரில் கலக்கிய 0.2 கிராம் தூளை, தட்டில் ஊற்றுவதற்குச் சற்று முன்னால் மட்டும் சேர்க்கவும். முன்கூட்டியே சேர்த்தால் அமிலம் தாதுவைக் கரைக்கத் தொடங்கும். தட்டையான தட்டில் ஊற்றி 40 டிகிரியில் உலர்த்தவும்.

பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உலர்ந்த படலத்தில் அமிலம் தங்கியிருக்கும். நீரில் போட்டால் கூழாகும், கிருமிச் சோதனையில் அந்த அமிலமே கொன்று பெயர் வாங்கும். 100 மில்லிலிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, பி.எச். 7 வரும்வரை கழுவுங்கள். வெள்ளி ஏற்றிய தூள் சேர்த்த படலம் நாள் போகப் பழுப்பாகும். கைட்டோசான் வெள்ளி அயனியை உலோகத் துகளாக்குவதால் அது.

இதைப் புண்ணில் தூவலாமா? சர்க்கரைப் புண்ணுக்கு நல்லது என்று ஒரு காணொளி பார்த்தேன்.
— வாசகி, கெப்போங்

வேண்டவே வேண்டாம், அம்மா. புண்ணில் போகும் பொருளுக்கு உயிரணு நச்சுச் சோதனை, நுண்ணுயிர் நீக்கம், பதிவு எல்லாம் உண்டு. 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் அவை வருகின்றன. மாட்டெலும்புத் தாது பல் மருத்துவத்தில் எலும்பு ஒட்டாகப் பயன்படுவது உண்மை. அது இந்தச் சோதனைகளைத் தாண்டி வந்தது. சர்க்கரைப் புண் என்றால் இன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

உலையெல்லாம் எனக்கு எட்டாது. வீட்டு எலும்பைக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போட்டால் போதுமா? பூஞ்சை வராமல் தடுக்குமா?
— இல்லத்தரசி, புக்கிட் மெர்தாஜாம்

பூஞ்சையைத் தடுக்காது. உரமாகப் பயன்படும். கோழி எலும்பை நன்றாக ஊறவைத்து உப்பை எடுத்து, பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்தால் விரலால் நசுங்கும். வெயிலில் முறுகக் காயவைத்து உரலில் இடியுங்கள். நடுத்தரத் தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. நம் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது என்பதால் எலும்புத் தூள் நன்றாகக் கரையும். கூடவே சுண்ணாம்பு போட்டால் அந்த அனுகூலம் போய்விடும். ஆனால் இதில் இருப்பது பாஸ்பரசும் கால்சியமும்தான், தழைச்சத்து மிகக் குறைவு. கறிவேப்பிலைக்கு இலைதானே வேண்டும்? அதற்குப் புண்ணாக்கோ மக்கிய சாணமோ போடுங்கள். எலும்புத் தூளை மல்லிகைக்கும் மிளகாய்ச் செடிக்கும் வையுங்கள். நான்கு விரல்கடை ஆழத்தில் புதைத்து மண்ணை அழுத்திவிட வேண்டும். மேலாகத் தூவினால் அன்றிரவே எலி தொட்டியைத் தோண்டிவிடும்.